விடிய விடியக் கூத்து வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

இளவேனில் என்றதும் குயிலையும் மாந்தளிரையும் தென்றலையும் நினைப்பது இலக்கிய மரபு. எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் இளவேனிலை அறிவிப்பது மத்தள ஒலிதான். சம்பா அறுவடை முடிந்து, களத்து நெல் வீடு வந்து, ஏரித் தண்ணீரும் அடிமட்டத்துக்கு இறங்கிய பிறகு உழவனுக்குச் சற்றே ஓய்வு. கையிலும் சிறிது காசு. அந்த ஓய்வில்தான், பங்குனி முதல் வைகாசி வரை, திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டங்களின் எத்தனையோ ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடி ஏறுகிறது. பாரத விழா தொடங்குகிறது. பத்து நாள் நடத்தும் ஊர்கள் உண்டு; பதினெட்டு நாள், அதற்கு மேலும் நடத்தும் ஊர்களும் உண்டு. பிற்பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும்.

இந்த விழாவில் கூத்தைக் குறைத்து ஓரிரவாக்கி, அதையும் நள்ளிரவோடு முடித்து, மிச்சப் பணத்தில் சினிமாப் பாட்டுக் கச்சேரி வைக்கலாம் என்ற பேச்சு எங்கள் ஊரிலும் அண்டை ஊர்களிலும் எழுந்துள்ளது. அப்படிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற படித்த இளைஞர்கள். ஆகவேதான் இதைக் கல்லூரி மலரில் எழுதத் துணிந்தேன். கூத்து விடிய விடிய நடக்க வேண்டும். அதைக் காக்கும் பொறுப்பைப் படித்தவர்கள் ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல் ரேகைதான். ஆனால் பாரதக் கதையில் எந்த இடத்தைக் கேட்டாலும் தடையின்றிச் சொல்வார். வில்லிபுத்தூராரின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை அவர் படித்தவரில்லை. பிரசங்கியார் பாடிப் பொருள் சொல்லக் கேட்டும், இரவில் அதையே வேடம் கட்டி ஆடக் கண்டும் பெற்ற கல்வி அது. சூதாட்டக் கூத்தில், தன்னையே தோற்றுவிட்ட ஒருவனுக்கு என்னை வைத்து ஆட உரிமை ஏது என்று திரௌபதி சபையைக் கேட்கிறாள். ஒருமுறை தாத்தா பட்ட கடனுக்காக, ஆயா வளர்த்த ஆடுகளை அவரைக் கேளாமலே பேசி முடித்துவிட்டாராம். ஆயா ஊர்ப் பெரியவர்கள் முன் நின்று, ‘அது யார் ஆடு? யாரைக் கேட்டுக் கொடுத்தது?’ என்று கேட்டிருக்கிறார். ஆடுகள் வீடு திரும்பின. ‘எங்கே ஆயா இப்படிப் பேசக் கற்றாய்?’ என்று கேட்டால், ‘துரோபதை கேட்டதைத்தானே நானும் கேட்டேன்’ என்பார். பள்ளிக்கூடம் மறுத்ததைக் கூத்துத் திடல் அவருக்குக் கொடுத்தது. இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியுமா?

குடும்பங்களுக்கும் இவ்விழா ஆற்றும் தொண்டு பெரிது. கொடி ஏறியதும் உறவினர்களுக்கு அழைப்புப் போகிறது. பெங்களூரில் கட்டட வேலை செய்யும் சித்தப்பா, திருப்பூரில் பனியன் தைக்கும் அக்காள், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கும் அண்ணன், மணமாகிப் போன அத்தைமார் எல்லோரும் வந்து சேர்கிறார்கள். குழந்தைகளுக்குக் காது குத்துவதும், பெண் கேட்டுப் பேசுவதும் இந்நாள்களில்தான். வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசியோடு ஆளுக்கொரு மூலையில் இருக்கும் நாங்கள், திடலில் ஒரே பாயில் மூன்று தலைமுறையாக அமர்கிறோம்.

என் அப்பாவும் பெரியப்பாவும் வரப்புத் தகராறில் நான்கு ஆண்டுகள் பேசாதிருந்தார்கள். தீமிதிக்காக இருவரும் காப்புக் கட்டிக்கொண்ட ஆண்டில் ஒரே பந்தலில் இரவுகளைக் கழிக்க நேர்ந்தது. படுகளத்தன்று, களிமண்ணால் செய்து கிடத்தப்பட்ட துரியோதனன் உருவத்தைப் பார்த்துப் பெரியப்பா, ‘பங்காளிச் சண்டை இங்கேதான் வந்து முடியும் போலிருக்கிறது’ என்றாராம். மறுநாள் அப்பா அவர் வீட்டில் சாப்பிட்டார். வரப்பு இன்னும் வளைந்துதான் கிடக்கிறது, பேச்சு நிற்கவில்லை. மூன்று மணி நேரப் பாட்டுக் கச்சேரி இதைச் செய்திருக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூத்து வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்களையும் ஆராய்வோம்.

முதலாவது, தேர்வு. ஏப்ரல், மே மாதங்களில் பருவத் தேர்வு வருகிறது என்பது உண்மை. அதே தேர்வைத்தான் நானும் எழுதுகிறேன். பத்து இரவும் விழித்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் ஆகியவற்றுள் இரண்டைப் பார்த்தாலே போதும். கிரிக்கெட்டுக்கு விழிக்கும் கண்கள் கூத்துக்கு மட்டும் களைத்துவிடுமா?

இரண்டாவது, செலவு. பாட்டுக் கச்சேரிக்குக் கொடுக்கும் பணம் மேடைக்கும் ஒளிக்கும் ஒலிக்கும் வண்டி வாடகைக்குமாகப் பெரும்பகுதி வெளியூர் போய்விடுகிறது. கூத்துக் குழுவுக்குக் கொடுப்பது நம் வட்டாரத்துக் குடும்பங்களுக்கே சேர்கிறது. அவர்களில் பலர் பகலில் ஏர் பிடிப்பவர்கள், கூலி வேலை செய்பவர்கள். அவர்களுக்கு ஆண்டு வருவாய் என்பது இந்தச் சில மாதங்கள்தான். 2020ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் கொரோனாத் தொற்றால் சித்திரைத் திருவிழாக்கள் நின்றபோது, அடுத்தடுத்து இரண்டு பருவங்களை அவர்கள் இழந்தார்கள். நோய் செய்ததை இப்போது நாமே செய்யலாமா?

மூன்றாவது, இது மூடநம்பிக்கை, அறிவியல் படித்தவனுக்கு ஏற்றதன்று என்பது. தீயில் இறங்குவதும் இறங்காததும் அவரவர் நம்பிக்கை. கூத்தை விரும்ப அந்த நம்பிக்கை கட்டாயமில்லை. கட்டியங்காரனைப் பாருங்கள். அரசன் கொலுவில் நின்றுகொண்டே அரசனைக் கேலி செய்கிறான். அதே மூச்சில் குண்டும் குழியுமான ஊர்ச் சாலையையும் நியாயவிலைக் கடையின் எடையையும் இழுக்கிறான். கேள்வி கேட்பதுதான் பகுத்தறிவு என்றால், அது எங்கள் திடலில் நெடுங்காலமாக வேடம் கட்டி நிற்கிறது. தாவரவியல் மாணவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குகிறார்கள். எடை குறைந்த, எளிதில் செதுக்கத்தக்க மரம் அது. இரவெல்லாம் தலையிலும் தோளிலும் சுமந்து சுழன்றாட ஏற்றது. இந்த மரத்தைத் தேர்ந்தவன் தாவரவியல் பட்டம் பெற்றவனா?

இக்கலையின் மதிப்பை மற்றவர்கள் அறிந்திருக்கிறார்கள். 1977இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்திலிருந்து உரம் பெற்றது. செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்து அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் நூல் வெளியிட்டார். தெருக்கூத்தைப் பற்றி ரிச்சர்ட் ஃபிராஸ்கா எழுதிய நூல் 1990இல் வந்தது. நம் மாவட்டத்துப் புரிசைக் கலைஞர்கள், நோபல் பரிசு பெற்ற மார்க்வெஸின் சிறுகதையைக்கூடக் கூத்தாக்கி ஆடியிருக்கிறார்கள். சிக்காகோவில் அச்சேறும் கலையை, அது பிறந்த மண்ணில் நாம் சீட்டியடித்து நிறுத்துவதா?

இவ்வளவும் சொன்ன பிறகு, விழாவில் உள்ள குறைகளை மறைப்பது நேர்மையாகாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023ஆம் ஆண்டு ஏப்ரலில், திருவிழாவின்போது திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்றதற்காகப் பட்டியல் இன மக்கள் தாக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டார்கள். சபை நடுவே ஒருத்திக்கு நேர்ந்த அவமதிப்பை எதிர்த்து எழுந்தது பாரதக் கதை. அதைக் கொண்டாடும் இடத்திலேயே மனிதரை அவமதித்தால் அக்கதையை எதற்காக ஆட வேண்டும்? எல்லோரும் உள்ளே வரவும், எல்லோரும் ஒரே திடலில் விரும்பிய இடத்தில் அமரவும் முடியாத விழா, ஊர் விழா என்ற பெயருக்கு உரியதாகாது. விழாக் குழுவில் இதை முதலில் சொல்ல வேண்டியவர்கள் படித்தவர்களாகிய நாம்தான்.

அடுப்படியையும் மறந்துவிடக் கூடாது. வந்த உறவினர் இருபது பேருக்குச் சமைத்து, பரிமாறி, பாத்திரம் துலக்கி முடிப்பதற்குள் கூத்தில் பாதி கடந்துவிடுகிறது. என் அம்மா கூத்தைப் பார்த்ததைவிட ஒலிபெருக்கி வழியே கேட்டதுதான் அதிகம். துகிலுரியும் கட்டம் வரும்போது எத்தனையோ திரௌபதிகள் புகையில் நிற்கிறார்கள். விழா நாள்களில் ஆண்களும் அரிவாள்மனை பிடித்தால் என்ன? விடுதியில் நமக்கு நாமே சமைத்துக்கொள்ளவில்லையா?

மாணவ நண்பர்களே! நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஊர்க் கூட்டத்தில் கூத்துக்காகப் பேசுவோம். ஆடுவோருக்கு வேடம் புனைய மறைப்பான இடமும், வேளைக்குச் சோறும், பொழுது விடிந்ததும் பேசிய பணமும் கிடைக்கச் செய்வோம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இன்னும் பதிவு செய்யாத முதிய கலைஞர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். ரேகை வைக்கும் கைகளுக்கு நம் பேனா உதவட்டும். கூத்து வாத்தியார்களின் நினைவில் மட்டும் உள்ள பாட்டுகளை, அவர்கள் இசைவோடு, கைப்பேசியில் பதிவு செய்து வைப்போம்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடும் நேரத்தில் ஒரு பகுதியைக் கூத்துக்கு ஒதுக்குங்கள். ஐந்து நிமிடக் காட்சிப் பொருளாக வேண்டாம்; ஒரு கதை முழுவதற்கும் இடம் கொடுங்கள். பார்க்க வரும் பெற்றோருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். மற்ற நாள்களில் கல்லூரி அலுவலகத்துக்கு வெளியே தயங்கி நிற்கும் அவர்கள், அன்று நமக்கு விளக்கம் சொல்லித்தரும் ஆசிரியர்களாக இருப்பார்கள். பட்டம் நம்மை அவர்களிடமிருந்து பிரிக்காமல் இருக்க அது ஒரு நல்ல தொடக்கமாகும்.