எழுத்தே சான்று

பெங்களூரு விவேக் நகரில் வாழும் பல குடும்பங்களுக்குப் புதிய கணினி என்பது பல மாதச் சேமிப்பின் பயனாகும். அது அடிக்கடி செயலிழந்தால், நிறுவனத்தின் உதவி மையம் ‘அணைத்து மீண்டும் இயக்குங்கள்’ என்றே பலமுறை கூறக்கூடும். அதனால் சலித்து விட்டுவிடுதல் தவறு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தமிழிலும் முறையிடலாம். கன்னடமோ ஆங்கிலமோ அறியாமை தடையன்று. தீர்வு கிட்டாவிடில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் நாடலாம். குறையுள்ள பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ ஆணையம் ஆணையிடலாம்.

ஆயினும், உரிமைக்குச் சான்று வேண்டும். விலைச்சீட்டு, உத்தரவாத அட்டை, புகார் எண், கணினி நின்ற நாள், கிடைத்த மறுமொழி ஆகியவற்றைப் பேணுதல் இன்றியமையாதது. பேச்சு காற்றோடு போகும். ஆகவே, பெற்றோர் பேசட்டும், பிள்ளைகள் எழுதிவைக்கட்டும்.