உண்டியல் சாவியை எண்ணி வாங்குறோம், சர்வர் சாவியை?

ஆலய நிர்வாகம் மாறும்போது உண்டியல் சாவி, நகைப் பெட்டி, செக் புத்தகம் எல்லாத்தையும் எண்ணி, கையெழுத்து வாங்கித்தான் ஒப்படைக்கிறோம். ஆலய அகப்பக்கத்தோட பாஸ்வேர்டை அப்படி ஒப்படைச்சுப் பார்த்திருக்கீங்களா? எனக்குத் தெரிஞ்சு பல இடத்துல அது ஒரு தம்பியோட சொந்த இமெயில்லதான் கிடக்கு. தம்பிக்கு சிங்கப்பூர்ல வேலை. விடியறதுக்கு முன்னாடி பாலம் தாண்டிப் போய், ராத்திரி திரும்புறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காசு வாங்காம செஞ்ச தொண்டு அது. கேட்டு வாங்க வேண்டியது நிர்வாகம்.

"அதான் முகநூல் இருக்கே"ம்பாங்க. நாளைய பூஜை நேரம் சொல்ல முகநூல் போதும். ஆனா பழைய கும்பாபிஷேகத்து உபயகாரர் பட்டியலை அதுல தேடி எடுங்க பார்ப்போம்! அதோட, அது நம்ம மனை இல்ல. ஜியோசிட்டிஸ்ல ஒரு காலத்துல உலகமே இலவசமா பக்கம் போட்டு வச்சிருந்தது. 2009 அக்டோபர்ல யாஹூ அதை மூடிடுச்சு. நம்ம ஜொகூர்ல தோட்டத்து ஆலயங்கள் பல இடம் மாறியிருக்கு. பழைய இடத்துக்கு மிச்சமிருக்கிற சாட்சி சில சமயம் நாலு படம்தான்.

கோப்புகளை சர்வர்ல ஏத்துறது பெரிய வித்தை இல்லீங்க. ஃபைல்ஜில்லா இலவசம். இடப்பக்கம் நம்ம கணினி, வலப்பக்கம் சர்வர்; பெரும்பாலும் 'பப்ளிக்_எச்டிஎம்எல்'ங்கிற ஃபோல்டருக்குள்ள இழுத்துப் போடணும், அவ்வளவுதான். பழைய எஃப்டிபி (போர்ட் 21) பாஸ்வேர்டை அப்படியே திறந்த கடிதம் மாதிரி அனுப்பும். எஸ்எஃப்டிபி (போர்ட் 22) பூட்டி அனுப்பும். பின்னதையே கேளுங்க. இன்னொண்ணு, லினக்ஸ் சர்வர்ல ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேற வேற. வீட்டுக் கணினியில தெரிஞ்ச முருகன் படம் அகப்பக்கத்துல காணாமப் போறதுக்குப் பல தடவை இதுதான் காரணம்.

ஆனா நான் சொல்ல வர்றது அந்த இடப்பக்கத்தைப் பத்தி. ஏத்தி முடிச்சதும் "இடம் அடைக்குது"ன்னு லேப்டாப்புல அழிச்சிடுறாங்க. சர்வர்ல இருக்கிறது நகலா இருக்கணும், மூலம் ஆலயத்துல இருக்கணும். ஒரு வருஷம் கட்டணம் கட்ட மறந்தா கோப்புகளை அழிச்சிடுவாங்க. டொமைன் பெயரை வேற யாராவது வாங்கலாம். பக்தர் அம்மன் ஆலயத்தைத் தேடிப் போய் சூதாட்ட விளம்பரத்தைப் பார்க்கணுமா?

பொறுப்பா செய்றது எப்படின்னு நம்மாளுங்களே காட்டியிருக்காங்க. 1998 பொங்கலன்னிக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்துல இருக்கும் முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைப்புல, தன்னார்வலர்களே தமிழ் நூல்களைத் தட்டச்சு செஞ்சு இணையத்துல ஏத்தினது. முகப்புக் குறிப்பை மாத்தாம யாரும் இலவசமா பரப்பலாம்னு அனுமதியும் கொடுத்தாங்க. அதனால நகல்கள் பல கையில இருக்கு. கோப்புகள் கைவசம் இருந்ததாலதான், முன்ன டிஸ்கி குறியேற்றத்துல போட்டதைப் பின்னாடி யூனிகோடுக்கு மாத்த முடிஞ்சது.

நமக்கு அவ்வளவு வேலை கூட இல்ல. டொமைன் ஆலயத்துப் பேர்ல, ஆலயத்து இமெயில்ல இருக்கட்டும். முழு நகல் ஒரு ஹார்ட் டிஸ்க்ல அலுவலக அலமாரியில, இன்னொண்ணு வேறொருத்தர் வீட்டுல. வர்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்துல எழுந்து கேளுங்க: டொமைன் யார் பேர்ல இருக்கு, எந்தத் தேதியில முடியுது? செயலாளருக்கு உடனே பதில் தெரியலன்னா, கேள்வியை மினிட்ஸ்ல எழுதச் சொல்லுங்க.