தேர்வு நாளில் நிதானமும் ஒரு பாடமே

மருத்துவம் படிக்கும் நம் மாணவர்களிடம் இறுதியாண்டுத் தேர்வைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "எல்லாம் படித்துவிட்டேன், அந்த நாளை நினைத்தால்தான் கைகால் உதறுகிறது" என்பார்கள். ஐந்தாண்டு உழைப்பு சில நாள்களில் எடைபோடப்படும்போது அச்சம் எழுவது இயல்புதான். ஆனால், அதைத் தலைவிதியாக ஏற்றுக்கொள்வது சரியன்று. 'சிலருக்குப் பிறவியிலேயே துணிச்சல் உண்டு, எனக்கு இல்லை' என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். நிதானம் பிறவிக் குணமன்று. நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சோதிக்கப் பழகியதைப் போலவே பழக வேண்டிய ஒரு திறன் என்பதே என் கருத்து.

எழுத்துத் தேர்வில் நம் முன் இருப்பது வெறும் தாள். செய்முறைத் தேர்விலோ கட்டிலில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார். மூச்சுத் திணறலோடும் வீங்கிய கால்களோடும் அவர் தம் காலைப் பொழுதை நமக்காக ஒதுக்கியிருக்கிறார். நம் பதற்றம் முதலில் அவரைத்தான் சுடும். நடுங்கும் கை வலிக்கும் இடத்தை அழுத்திவிடும். அவசர நாக்கு பெயரைக்கூடக் கேட்க மறந்துவிடும். நாளை அவசரப் பிரிவில் இரவு இரண்டு மணிக்கு நிற்கப்போகிறவர் நாம். ஆகவே, தேர்வாளர் நம் நிதானத்தைக் கவனிப்பதில் அநியாயம் ஒன்றுமில்லை.

சரி, அந்த நிதானம் எங்கிருந்து வரும்? பாதி முதல்நாள் மாலையிலேயே வந்துவிட வேண்டும். வெள்ளை அங்கி, ஸ்டெதஸ்கோப், சிறு டார்ச் விளக்கு, அளவு நாடா, நரம்புச் சுத்தி, வினாடி முள் உள்ள கைக்கடிகாரம், இரண்டு பேனா, மாணவர் அட்டை, தேர்வுச் சீட்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகப் பையில் வைத்துக் கோடிடுங்கள். இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால், உலகச் சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு அறுவைச் சிகிச்சைக்கென வெளியிட்டதும் 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல்தான். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காட்டுக்குக் குறைந்ததாக 2009இல் வெளிவந்த ஆய்வு கூறியது. கைதேர்ந்த அறுவை மருத்துவர்களே நினைவை மட்டும் நம்பாதபோது, நாம் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

அடுத்தது தூக்கம். படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்ளும் நேரங்களில் தூக்கம் முக்கியமானது என்பதை நாமே பாடத்தில் படிக்கிறோம். படித்துவிட்டு விடிய விடிய விழித்திருக்கிறோம். காப்பியின் காஃபீன் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். இரவு பத்து மணிக்குக் குடித்த காப்பி, அதிகாலை மூன்று மணிக்கும் பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கும். காலையில் எழுந்து, வயிற்றுக்குப் பழகிய உணவையே பசியாறுங்கள். கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசலை நம்பி யாரும் நேரத்தைக் கணக்கிடக் கூடாது. ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். புலனக் குழுவை அன்று காலை மூடிவிடுங்கள். "இது வருமாம், அது வருமாம்" என்ற செய்திகளால் பயன்பெறுபவர்களைவிடப் பயப்படுபவர்களே அதிகம்.

இத்தனைக்குப் பிறகும் நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும். 'அமைதி, அமைதி' என்று மனத்தை அடக்குவதைவிட, 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் சிறப்பாகச் செயல்பட்டதாக 2014இல் ஆலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நிதானம் என்பது படபடப்பு இல்லாத நிலையன்று. படபடப்போடும் அடுத்த வேலையைச் சரியாகச் செய்வது.

இதற்கு 'ஓஸ்கி' தேர்வே நல்ல பயிற்சிக்களம். 1975ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பணியாற்றிய ரொனால்ட் ஹார்டனும் அவர்தம் குழுவினரும் அறிமுகப்படுத்திய முறை இது. மணி அடித்ததும் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்திற்குச் செல்ல வேண்டும். அங்கே வேறொரு தேர்வாளர் இருப்பார். மூன்றாம் நிலையத்தில் தடுமாறியது நான்காம் நிலையத்தில் இருப்பவருக்குத் தெரியாது, நம் முகம் காட்டிக்கொடுத்தால் ஒழிய. கதவுக்கு வெளியே ஒரு நீண்ட மூச்சை மெல்ல விட்டு, பழையதை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே நுழைய வேண்டும்.

தமிழ் மாணவர்களுக்கு இன்னொரு தயாரிப்பும் தேவை. இந்நாட்டு இந்தியர்களிடையே நீரிழிவு நோய் மற்ற இனத்தாரைவிட அதிகம். நமக்கு அமையும் நோயாளி தோட்டப்புறத்திலிருந்து வந்த ஒரு பாட்டியாக இருக்கலாம். "இனிப்புநீர் இருக்கா பாட்டி? நடந்தா மூச்சு வாங்குதா? ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுக்கிறீங்க?" என்று அவர் மொழியில் கேட்க நமக்கு நாக்கு புரள வேண்டாமா? ஆங்கிலத்தில் மட்டும் படித்துவிட்டு, தேர்வு நாளில் தமிழ்ச் சொல்லைத் தேடித் திணறுவது வெட்கக்கேடு. இக்கேள்விகளை முன்கூட்டியே நண்பர்களிடம் பேசிப் பழகுங்கள். பாட்டியின் முகம் மலர்ந்தால் நம் பதற்றமும் பாதி குறையும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "நம்ம குடும்பத்துல முதல் டாக்டர் நீதான், மானத்தைக் காப்பாத்து" என்று விடியற்காலையில் தொலைபேசியில் சொல்லாதீர்கள். அன்பாகச் சொன்னாலும் அது சுமையாகவே இறங்கும். "சாப்பிட்டியா? பார்த்துப் போய் வா" என்பதே போதும். ஒருவேளை தவறினாலும் மறுதேர்வு எழுத வாய்ப்புண்டு. சில மாதத் தாமதத்தால் யாரும் நல்ல மருத்துவராகாமல் போவதில்லை.

மாணவ நண்பர்களே, தேர்வுத் தாளில் என்ன வரும் என்பது நம் கையில் இல்லை. பையில் என்ன இருக்கிறது, எத்தனை மணிக்குப் படுத்தோம், கட்டிலில் இருப்பவரை எப்படி வணங்கினோம் என்பவை முழுக்க நம் கையில்தான் இருக்கின்றன. அவற்றைச் சரியாகச் செய்வோம்.