அணுசக்திக் கப்பலும் கரையோர மக்களும்

லுணுகலையிலும் மடுல்சீமையிலும் கொய்யப்படும் கொழுந்து, தேயிலைத் தூளாகிக் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தபின், அதைச் சுமந்து செல்பவை எண்ணெய் எரிக்கும் கப்பல்களே. புவியை வெப்பமாக்கும் வாயுக்களில் ஏறத்தாழ 3 சதவீதம் கப்பல்களிலிருந்து வெளியேறுகிறது. 2050 அளவில் இதனை இல்லாதொழிக்க வேண்டுமெனச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2023இல் இலக்கு வகுத்தது. அதனாலேயே அணுசக்திக் கப்பல் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. மண்சரிவினால் வீடு வாசலை இழந்தோர் நம்மிடையே உண்டு. மழையின் போக்கு மாறுவதன் விலையை அறிந்த நாம், புகை குறைவதை வரவேற்கவே வேண்டும்.

இதன் இயக்கம் விளங்காத ஒன்றல்ல. விறகுக்குப் பதிலாக யுரேனியம் வெப்பம் தருகிறது. அவ்வெப்பத்தில் உண்டாகும் நீராவி கப்பலைச் செலுத்துகிறது. ஒருமுறை எரிபொருள் இட்டால் பல ஆண்டுகளுக்குப் போதும். 'லெனின்' என்ற பனியுடைக்கும் கப்பலை 1959 முதல் சோவியத் நாடு இவ்வாறே ஓட்டியது. நமது அயல்நாடான இந்தியாவின் 'அரிஹந்த்' நீர்மூழ்கி 2016இல் சேவையில் சேர்ந்தது. அதன் அணு உலையின் முன்மாதிரி கல்பாக்கத்தில் இயக்கிப் பார்க்கப்பட்டது. ஆயின் வணிகத்தில் கதை வேறு. அமெரிக்காவின் 'சவானா' பத்தாண்டுக்குள் ஓய்ந்தது. ஜேர்மனியின் 'ஒட்டோ ஹான்' கப்பலில் 1979க்குப் பின் உலையை அகற்றி டீசல் இயந்திரம் பொருத்தினர். செலவும் துறைமுக அனுமதியும் பெரும்பாடாயின.

யப்பானின் 'முட்சு' கப்பலின் கதையை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அதன் தாய்த் துறைமுகம் இருந்த குடாவில் மீனவர்கள் சிப்பி வளர்த்துப் பிழைத்தனர். அவர்களது எதிர்ப்பை மீறி 1974 ஆகஸ்டில் கப்பல் புறப்பட்டது. சில நாட்களுக்குள், மிகக் குறைந்த சக்தியில் இயங்கும்போதே, கதிர்வீச்சு கசிந்தது. போரன் கலந்த சோற்றைப் பூசித் தடுக்க முயன்றார்களாம் மாலுமிகள்! மீனவர்கள் திரும்பி வர இடம் கொடுக்கவில்லை. கப்பல் வாரக்கணக்கில் கடலில் அலைந்தது. நட்டஈடும், துறைமுகத்தை வேறிடத்துக்கு மாற்றும் உறுதியும் கிடைத்த பின்னரே வழி விட்டனர்.

கடலைக் காணாத மலையகத்தாருக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். உமா ஓயாச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024இல் அத்திட்டம் திறக்கப்பட்டது. மின்சாரம் நாடு முழுவதற்கும் போகிறது, நீர் போனது மட்டும் அயலவர்க்கு. முட்சு மீனவர்கள் கேட்டது இதையே: எங்களைக் கேட்டீர்களா?

2021 மே மாதத்தில் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கொழும்புக்கு அப்பால் எரிந்தபோது நமது மீனவர்கள் கடலுக்குச் செல்ல முடியாமல் தவித்தனர். அதிலிருந்தவை இரசாயனமும் பிளாத்திக்கு மணிகளும்தான். அணுசக்திக் கப்பல் விபத்துக்கு யார் பொறுப்பு என்பதை வரையறுக்க 1962இல் பிரசல்ஸில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அத்தகைய கப்பலொன்றுக்குக் கொழும்பு அனுமதி வழங்கும் நாள் வருமுன், நட்டஈட்டுச் சட்டம் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் கையில் இருக்க வேண்டும். நீர்கொழும்பு மீனவர் சங்கங்கள் அதைப் படித்துத் தம் கருத்தைச் சொல்லவும் போதிய காலம் தரப்பட வேண்டும்.