எரித்தவனுக்கு மட்டும்தான் மனசா?

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கேட்டது கூலி, பிடித்தது செங்கொடி. இதைக் கருவாகக் கொண்ட 'குருதிப்புனல்' நாவலுக்கு 1977இல் சாகித்திய அகாதெமி விருது. அதில் பண்ணையாரின் வெறிக்கு வேர் அவருடைய ஆண்மைக் குறைவு! கூலியும் சாதியும் பின்னுக்குப் போயின. செத்தது நம்ம சனம். ஆராயப்பட்டது கொளுத்தியவன் மனசு.

அப்படியானால் மற்றவர் சேரியைப் பற்றி எழுதவே கூடாதா? எழுதட்டும், யார் தடுத்தது? பரிதாபத்தை வாசலிலேயே விட்டுட்டு உள்ளே வரட்டும். எங்க சனம் எந்நேரமும் அழுதுக்கிட்டா இருக்கு? கிண்டல், கோபம், காதல், சூது எல்லாம் இருக்கு. 1992இல் பாமாவின் 'கருக்கு' அந்தப் பேச்சையே அச்சில் ஏற்றியது.

கேள்வி நமக்கும் உண்டு. 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' புதிரை வண்ணார் பெண்ணை நடுவில் நிறுத்தி, சேரிக்குள் இருக்கும் மேல்கீழைக் காட்டியபோது நம்மில் பலருக்குக் கோபம் வந்தது. ஊர்க்காரனிடம் கேட்கும் நியாயத்தை நமக்குக் கீழே நிறுத்தப்பட்டவருக்கு மறுக்கலாமா?

எழுத வரும் மாணவத் தோழர்களே, உங்கள் கதையில் யார் பேசுகிறார், யார் வாய்மூடி நிற்கிறார் என்று பாருங்கள். வாய்மூடி நிற்பவரிடமிருந்து தொடங்குங்கள்.