பழைய வண்டியும் புதிய வேகமும்

பழமையைப் போற்றுவோர் இருதிறத்தினர். பழைய பொருளைப் பேழையிற் பூட்டி வைத்து, ஆண்டிற்கொருமுறை தூசி தட்டிப் பார்த்து மகிழ்வோர் ஒருதிறத்தினர்; அதனைக் கையாண்டு, தேய்ந்தவிடத்துப் புதுக்கி, குறைந்தவிடத்து நிறைத்து, அது எத்தொழிலுக்கென்று பிறந்ததோ அத்தொழிலை இன்றும் செய்விப்போர் மற்றொரு திறத்தினர். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் விஷயத்தில் இவ்விரு திறத்தாரிடையே நிகழும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. மூலத்தில் இருந்த ஓர் ஆணியையும் மாற்றலாகாதென்பர் முன்னவர். வேகம் வேண்டுமாயின் எதனையும் மாற்றலாமென்பர் பின்னவருட் பலர். இருவர் கூற்றிலும் பாதியே உண்மை என்பது எமது துணிபு. அதனை ஓர் உதாரணத்தால் விளக்குவாம்.

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பெற்ற எம்.ஜி.பி. என்னும் காரை எடுத்துக்கொள்வோம். பெருஞ் செல்வர்க்கென்று மட்டும் அமைந்த வண்டியன்று அது. 5 லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. அதன் நான்கு சிலிண்டர் எஞ்சின் 1798 கன சென்டிமீட்டர் அளவினது. ஆதியில் ஏறக்குறைய 95 குதிரைசக்தி தருவது. மணிக்கு 100 மைல் வேகத்தைச் சற்றே கடக்கவல்லது. 1963-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், பாடி ஹாப்கர்க், ஆலன் ஹட்சிசன் என்னும் இருவர் ஓட்டிய எம்.ஜி.பி. மணலிற் புதைந்தது. அதனைத் தோண்டி எடுப்பதிலேயே ஒரு மணிக்கு மேல் கழிந்தது. அங்ஙனமாகியும் அது 12-ஆவதாக வந்து பந்தயத்தை முடித்தது. அந்த வண்டியின் மூக்கு நீட்டப்பெற்றிருந்தது. பெட்ரோல் தொட்டியும் பெரிதாக்கப்பெற்றிருந்தது. ஓர் ஆணியையும் மாற்றலாகாதென்போர் இதனைக் கருதுவாராக. ஆக்கியோரே தம் ஆக்கத்தைத் திருத்தினர். ஆதலின் திருத்துதல் குற்றமன்று. எதனை, எம்முறையில் திருத்துகின்றோம் என்பதே வினா.

முதலாவது, பழுதுநீக்கம். இதற்கு முன்வந்த எம்.ஜி.ஏ. காரில் தனியானதோர் இரும்புச் சட்டம் உண்டு. உடல் அதன்மேல் அமர்ந்திருந்தது. எம்.ஜி.பி.யிலோ உடலே சட்டம். திறந்த வண்டியில், முன்பாதியையும் பின்பாதியையும் பிணித்து நிற்பனவற்றுள் தலையாயவை, கதவுகளின்கீழ் நீண்டு செல்லும் பெட்டிவடிவான இரு தகட்டுத் தூலங்கள். அவற்றினுள் நீர் தங்கும். நீர் தங்கியவிடத்துத் துரு பிறக்கும். துரு உள்ளிருந்து வெளிவருவதாகலின், வர்ணத்தின்மேல் ஒரு கொப்புளம் தோன்றுமுன் உள்ளே தகடு மாய்ந்திருக்கும். இதனை அறியாதாரும், அறிந்தும் அறியாதார்போல் நடிப்பாரும், அழுகிய தகட்டின்மேற் புதுத்தகடொன்றைப் போர்த்து வர்ணம் பூசிவிடுவர். கண்ணுக்கு அழகு, கட்டுக்கோப்புக்கு நாசம். வண்டிக்கு நன்கு தாங்கல் கொடுத்து, கதவு வாயிலைக் குறுக்குக் கம்பியாற் பிணித்து, ஒருபுறம் முடிந்தபின்னரே மறுபுறத்தைத் தொட்டு, உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு ஆகியவற்றுள் அழிந்தவற்றையெல்லாம் வெட்டியெடுத்துப் புதியன பற்றவைத்தலே முறை. அங்ஙனம் செய்யாவிடின் உடல் நடுவில் தொய்ந்து கதவு மூடாதாகும். மீட்கவொண்ணா நிலையிலுள்ள வண்டிகளுக்காக, 1988-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் ஸ்தாபனத்தார் பழைய அச்சுக்களைக் கொண்டே புதிய உடலங்களைச் செய்யத் தொடங்கினர்.

புதுத் திராட்சரசத்தையும் பழந்துருத்தியையும் பற்றிய உவமையைக் கேளாத மிஷன் கல்லூரி மாணவர் இலர். துருவேறிய உடலில் வலிய எஞ்சினைப் பூட்டுவோர் அவ்வுவமையைத் தம் உயிரையே பணயமாக வைத்துச் சோதிக்கின்றனர்.

இரண்டாவது, நிறுத்தும் வலிமை. ஓடும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும் என்பது பௌதிக வகுப்பிற் பயின்றதே. மணிக்கு 50 மைல் ஓடிய வண்டி 100 மைல் ஓடுமாயின், அதனை நிறுத்துவதற்குத் தணிக்கவேண்டிய ஆற்றல் இருமடங்கன்று, நான்மடங்காம். அவ்வாற்றல் முழுதும் பெரும்பாலும் பிரேக்குகளில் வெப்பமாகவே மாறும். நாட்பட்ட பிரேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்குமாகலின் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துக் குழாயினுள் ஆவியாகும். ஆவி நசுங்குமேயன்றி விசையைக் கடத்தாது. மிதித்த கால் வெறும் பலகையைத் தொடும். புதிய எண்ணெய், புதிய ரப்பர்க் குழல்கள், வெப்பந் தாங்கும் பட்டைகள் ஆகிய இம்மூன்றும் வாங்கும் பொருள், ஒரு புதிய கார்புரேட்டரின் விலையினும் மிகாது. ஆயினும் நண்பரிடம் காட்டிப் பெருமை கொள்ளுதற்கு அவை உதவாமையின் பலர் அவற்றைக் கடைசிக்கு ஒதுக்குகின்றனர்.

மூன்றாவது, திருப்பத்தில் நிற்கும் தன்மை. வளைவில் வண்டி சாய்வதைக் குறைப்பது, முன்சக்கரங்களிரண்டையும் இணைக்கும் முறுக்குக் கம்பி. கம்பியின் விறைப்பு அதன் குறுக்களவின் நான்காம் படிக்கேற்ப உயரும். ஆதலின் 5/8 அங்குலக் கம்பியை நீக்கி 3/4 அங்குலக் கம்பியை இட்டால் விறைப்பு இருமடங்காகும். இத்துணைச் சிறு மாற்றம் இத்துணைப் பெரும் பயன் தருவது கணிதத்தின் கொடை. 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சட்டங்களை முன்னிட்டு ஆபிங்டனார் வண்டியின் உயரத்தைக் கூட்டினர். திறந்த வண்டிகளில் இக்கம்பியையும் நீக்கினர். வண்டி தளர்ந்து சாய்ந்தது. 1977-ஆம் ஆண்டின் வண்டிகளில் கம்பி மீண்டும் வந்தது. அவ்விடைக்கால வண்டியைத் தாழ்த்திக் கம்பியைப் பூட்டுவோன் மூலத்தைக் கெடுத்தவனல்லன். இழந்த நற்குணத்தை அதற்கு மீட்டுத் தந்தவன்.

எஞ்சின் இவற்றிற்கெல்லாம் பிற்பட்டது. அதன் மூச்சைப் பெருக்கலாம்: தலைப்பகுதியின் வழிகளைச் செப்பனிடலாம், கார்புரேட்டரின் ஊசியை அதற்கேற்ப மாற்றலாம். பின்னதை மறந்து முன்னதை மட்டும் செய்தால் பெட்ரோல் குறைந்த கலவை மிகுவெப்பத்தோடு எரிந்து பிஸ்டனையே உருக்கிவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனின் பெட்ரோல் நிலையங்களினின்று 2000-ஆம் ஆண்டளவில் நீங்கியபின், அவ்வீயத்தின் காப்பையிழந்த வால்வு இருக்கைகளைக் கடினமான எஃகினால் புதுக்குதலும் இன்றியமையாததாயிற்று. இதனைத் தூய்மைவாதிகளும் மறுப்பதில்லை. எனவே மாற்றம் கூடாதென்னும் அவர்தம் விதி அவர்தம் வீட்டிலேயே தளர்ந்துவிட்டது.

வலிமை மட்டும் போதாதென்பதற்கு ஆபிங்டனே சான்று தருகின்றது. 1967-ஆம் ஆண்டில், இவ்வுடலிலேயே 2912 கன சென்டிமீட்டர் கொண்ட ஆறு சிலிண்டர் இரும்பு எஞ்சினைப் பொருத்தி எம்.ஜி.சி. என்று பெயரிட்டனர். குதிரைசக்தி 145 ஆயிற்று. ஆயின் எடையும் பெரிதும் ஏறிற்று. மூக்கு கனத்துத் திரும்ப மறுக்கின்றதெனப் பத்திரிகையாளர் குறைகூறினர். 1969-இல் அது நின்றது. பின்னர் கென் காஸ்டெல்லோ என்பவர் ரோவர் கம்பெனியின் எட்டு சிலிண்டர் அலுமினிய எஞ்சினைத் தம் பட்டறையில் எம்.ஜி.பி.யிற் பொருத்திக் காட்டினார். அது பழைய நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினைவிட அதிகம் கனமுடையதன்று. 1973-இல் தொழிற்சாலையாரும் அவ்வழியே சென்றனர். 3528 கன சென்டிமீட்டரும் 137 குதிரைசக்தியும் கொண்ட அவ்வண்டிக்குப் பிரேக்குகளையும் வலுப்படுத்தினர். 1976 வரை 2591 வண்டிகள் வெளிவந்தன. அவை இன்றும் போற்றப்பெறுகின்றன. சக்தி ஏறக்குறைய ஒன்றே, சமநிலையே வேறு. தனியொருவர் செய்த திருத்தத்தைத் தொழிற்சாலையே பின்பற்றிய இந்நிகழ்ச்சி, திருத்துவோரை இகழ்வோர்க்கு நல்லதொரு விடை.

ஆயினும் ஒரு வரம்பு வேண்டும். செய்த மாற்றத்தை மீண்டும் நீக்கிப் பழைய நிலைக்குக் கொணர வழியிருத்தல் வேண்டும் என்பதே அது. கழற்றிய உறுப்பைச் சீட்டெழுதிக் கட்டிப் பத்திரப்படுத்துக. செய்ததை நாளேட்டிற் குறித்து வைக்குக. திருகாணியால் முடிவதற்கு உடலை அறுக்கற்க. நாம் வண்டியின் உடைமையாளர் சிலகாலமே. அதற்கு நமக்கு முன்னும் ஒருவர் இருந்தார், பின்னும் ஒருவர் வருவார். அவருடைய உரிமையை இன்றைய ஆசைக்காக அழித்தல் நீதியன்று. அன்றியும், இவ்வேகத்தைக் காட்டுதற்கு இடம் பந்தயத் தடமேயன்றி, பிள்ளைகள் குறுக்கிடும் பொதுவீதியன்று.

மாணவ நண்பர்காள்! முதலில் பழுது, பின்னர்ப் பிரேக்கு, அதன்பின் திருப்பம், இறுதியில் வேகம் என்னும் இவ்வரிசை வண்டிக்கு மட்டும் உரியதன்று. விரைந்து செல்ல விழைவோர் எவரும் தம் அடித்தகட்டைத் தட்டிப் பார்த்தும், நிற்கவேண்டிய இடத்தில் நிற்கக் கற்றும் பின்னர்ப் புறப்படுவாராயின், போய்ச் சேருமிடத்தில் நலமே சேர்வர்.