வருஷம் பிறந்த பிறகு கேள்வி

வரவு செலவுத் திட்டம் என்றால் மந்திரிகள் சட்டசபையில் வாசிக்கிற சமாசாரம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஊராட்சிக்கும் அது உண்டு. அதற்கு ஒப்புதல் தருகிற உரிமையை 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபையிடம், அதாவது ஊரில் ஓட்டுள்ள எல்லோரிடமும், கொடுத்திருக்கிறது.

எங்கள் ஊர் காவிரிக் கடைமடை. மே தினத்தன்று சபை கூடிற்று. ஏப்ரல் 1-லேயே பிறந்துவிட்ட கணக்கு வருஷத்துக்கு ஒருவர் வரவு செலவு வாசித்தார். அவசரக் கல்யாணத்தில்கூட மந்திரம் அத்தனை வேகமாக ஓடாது. முடிவதற்குள் கையெழுத்து நோட்டு சுற்றி வந்துவிட்டது.

பின்னாலிருந்து ஒரு கிழவர் எழுந்தார்.

"தம்பி, ஜூன் பன்னெண்டு வந்தா மேட்டூர் தொறக்கணும். நம்ம வாய்க்கா தூரெடுக்க எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"போட்டு முடிச்சாச்சு, பெரியப்பா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"எங்களைக் கேக்கவே இல்லியே?"

"இப்ப கேக்கறோமில்லே?"

விதை தெளித்த பிறகு என்ன நெல் போடலாம் என்று கேட்கிற கதைதான். கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கி, முதலில் கிராம சபையைக் கூட்டி என்ன வேண்டும் என்று கேட்டார்கள். எழுதியது பிறகு. நாமோ உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லி மார் தட்டுகிறோம். நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவன் பெயருக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது என்பது சௌகரியமாக மறந்துவிடுகிறது. இன்று எல்லாருக்கும் இடம் உண்டு. ஜனவரி 26-லும் ஒரு சபை கூடுகிறதே, அன்றைக்கே நகலை வைத்து, வாய்க்கால் முந்தியா, விளக்கு முந்தியா என்று கேட்டால் யார் குடி முழுகிப்போகும்?

கிழவர் நோட்டைத் தொடவில்லை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.